பிள்ளையார் பிடிக்கப் போன கதை அல்ல இது

'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். ரசம் குழம்பாகிப் போனாலும் சொல்வார்கள். கல்யாண ஏற்பாடு கலவரத்தில் முடிந்தாலும் சொல்வார்கள். மண்ணைப் பிசைந்து உருவம் செய்ய உட்கார்ந்தவரைப் பற்றிய பழமொழி அது. கை தவறினால் மிஞ்சுவது குரங்கு என்பது அதன் பொருள். பஜனையைப் பிள்ளையாரில் தொடங்கி ஆஞ்சநேயரில் முடிக்கும் வழக்கத்தைத்தான் அது சொல்கிறது என்று விளக்கம் தரும் பெரியவர்களும் உண்டு. ஆனால் நாம் அதைத் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

இந்தியக் கலை வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அந்தப் பழமொழி நம் சிற்பிகளுக்குப் பொருந்தவே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் குரங்கைத் தெரிந்தே செதுக்கினார்கள். நின்று பார்த்து, ரசித்து, சில இடங்களில் சிரித்து, சில இடங்களில் கண் கலங்கிச் செதுக்கினார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பத்துமலைக்குப் போனால் 272 படிகளிலும் குரங்குகள். காட்டோரக் குடியிருப்பு என்றால் குப்பைத் தொட்டியைக் கிண்டவும் அவைதான் வருகின்றன. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டில் வீர ஹனுமானுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. கையெடுத்துக் கும்பிடும் குரங்கும் கல்லெடுத்து விரட்டும் குரங்கும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் உலகில் குறைவு. இரண்டையும் நாம் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட, முதலில் மாமல்லபுரம் போக வேண்டும்.

கல்லில் ஒரு குடும்பம்

மாமல்லபுரத்தில் 'அருச்சுனன் தபசு' என்று அழைக்கப்படும் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்காமல் சுற்றுலாப் பயணி யாரும் திரும்புவதில்லை. அதற்கு அருகே தனிக் கல்லில் ஒரு சிறிய சிற்பம் உண்டு. பல்லவர் காலத்து வேலை. ஒரு பெண் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. மடியில் குட்டி பால் குடிக்கிறது. பின்னால் அமர்ந்த ஆண் குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. அவ்வளவுதான்.

அதில் கடவுள் இல்லை, அரசன் இல்லை, புராணக் கதையும் இல்லை. கிரீடமோ நகையோ கிடையாது. பக்கத்தில் தேவர்களும் முனிவர்களும் யானைகளும் கூட்டமாக நிற்கும் இடத்தில், ஏதோ ஒரு சிற்பி கருங்கல்லை எடுத்து, மாலை நேரத்து மரத்தடியில் ஒரு குரங்குக் குடும்பம் எப்படி உட்காருமோ அப்படியே உட்கார வைத்துவிட்டார். கருங்கல் மென்மையான கல் இல்லை. உளியின் ஒவ்வோர் அடிக்கும் சிறு துகள்தான் உதிரும். அத்தனை உழைப்பையும் பேன் பார்க்கும் ஒரு காட்சிக்குச் செலவிட மனம் வந்திருக்கிறதே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

பேன் பார்ப்பது குரங்குகளிடையே சுத்தத்துக்காக மட்டும் நடப்பதில்லை என்று இன்றைய விலங்கியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சண்டைக்குப் பின் சமாதானம் ஆவதற்கும், உறவைப் புதுப்பிப்பதற்கும், கூட்டத்தில் தனக்கு ஆள் சேர்ப்பதற்கும் அது உதவுகிறது. மனிதர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆய்வெல்லாம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு குரங்குக் குடும்பத்தின் சாரம் எந்த அசைவில் இருக்கிறது என்பதைப் பல்லவச் சிற்பி கண்டுபிடித்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் அது தெரியும்.

பெயர் வைத்த மொழி

அப்படிப் பார்க்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. இன்று நாம் எல்லாவற்றையும் 'குரங்கு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைத் தனித்தனியாகச் சொல்கிறது. ஆணுக்குக் கடுவன், பெண்ணுக்கு மந்தி, குட்டிக்குப் பறழ் என்று பெயர்கள் இருந்தன. முகம் கறுத்து, வால் நீண்டு, இலை தின்று வாழும் வகையை முசு என்றார்கள். இலங்கைக்குத் தீ வைத்த அனுமன் வால் நெருப்பை அணைக்கும்போது முகமும் கருகிவிட்டது, அதனால்தான் இந்த இனத்துக்குக் கறுப்பு முகம் என்று ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு.

மலாய்க்காரர்களும் இப்படிப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். பத்துமலைப் படியில் நம் பையைப் பறிப்பது 'கெரா'. தேங்காய் பறிக்கப் பழக்குவது 'பெரூக்'. இலை தின்பது 'லோத்தோங்'. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்திக்குப் போனவர்கள் சாம்பல் நிற லோத்தோங்கைப் பார்த்திருப்பீர்கள். தாய் சாம்பல் நிறம், கைக்குழந்தை மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். முசு என்ற நம் பழைய சொல்லுக்கு இங்கே கண்முன் நிற்கும் உறவினர் அதுதான்.

குறுந்தொகையின் 69ஆம் பாடல் கடுந்தோட் கரவீரனார் பாடியது. அதில் ஒரு மந்தி வருகிறது. கடுவன் இறந்துவிடுகிறது. மந்தியால் கைம்மைத் துயரைத் தாங்க முடியவில்லை. மரமேறக்கூட இன்னும் கற்காத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, மலை உச்சியிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. இரவு நேரத்தில் ஆபத்தான மலைப்பாதையில் வரும் தலைவனிடம், 'உனக்கு ஏதாவது ஆனால் இவள் என்ன ஆவாள்' என்று உணர்த்துவதற்குத் தோழி சொல்லும் செய்தி இது. மனிதக் காதலின் ஆழத்தைச் சொல்ல ஒரு குரங்கை எடுத்துக் காட்டியிருக்கிறார் புலவர். மாமல்லபுரத்துக் குடும்பம் இந்தக் கவிதையின் மறுபக்கம் போல உட்கார்ந்திருக்கிறது. இங்கே கடுவன் உயிரோடு இருக்கிறது. பறழ் பால் குடிக்கிறது.

பல் பிடுங்கும் குரங்குகள்

தெற்கிலிருந்து வடக்கே போவோம். இந்தியாவில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய குரங்குச் சிற்பங்களில் பல பௌத்தத் தலங்களைச் சேர்ந்தவை. மத்தியப் பிரதேசத்தின் பார்ஹூத் தூபியை அலெக்சாண்டர் கன்னிங்காம் 1873இல் கண்டறிந்தார். அதன் கல்வேலிகள் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டு வேலை என்பது அறிஞர்கள் கணக்கு.

அங்கே ஒரு வட்டச் சிற்பம் இருக்கிறது. பூதம் போன்ற பெரிய உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் பல்லைப் பிடுங்கக் குரங்குகள் ஒரு பெரிய குறட்டைக் கொண்டு வந்திருக்கின்றன. குறட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை ஒரு யானை இழுக்கிறது. சுற்றிலும் மற்ற குரங்குகள் கொட்டு முழக்கோடு உற்சாகப்படுத்துகின்றன. பல் மருத்துவரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்த எவருக்கும் இந்தச் சிற்பம் உடனே புரியும். புனிதமான தூபியின் வேலியில் இப்படி ஒரு நகைச்சுவைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதே பார்ஹூத்தில் குரங்கு அரசனாகவும் வருகிறது. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்று மகாகபி ஜாதகம். கங்கைக் கரையில் ஒரு மாமரம். அதன் கனிக்கு ஆசைப்பட்ட மனித அரசன் வில்வீரர்களோடு வந்து மரத்தைச் சூழ்ந்துகொள்கிறான். குரங்கரசன் அக்கரைக்குத் தாவி, ஒரு கொடியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பத் தாவுகிறது. கொடியின் நீளம் போதவில்லை. கையால் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, தன் உடம்பையே பாலமாக்குகிறது. கூட்டம் முழுவதும் அதன் முதுகின் மேல் நடந்து தப்பிக்கிறது. குரங்கரசன் முதுகொடிந்து இறக்கிறது. மனித அரசன் அதனிடம் ஆட்சி என்றால் என்ன என்று பாடம் கேட்டு, அரச மரியாதையோடு இறுதிக் கடன் செய்கிறான்.

இந்தக் கதையைச் சாஞ்சி பெரிய தூபியின் மேற்கு வாயிலிலும் செதுக்கியிருக்கிறார்கள். அஜந்தா 17ஆம் குகையில் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். சாஞ்சியின் வடக்கு வாயிலில், புத்தருக்குத் தேன் கிண்ணம் கொண்டு வந்து கொடுக்கும் குரங்கும் இருக்கிறது. கோமாளியாக, தலைவனாக, பக்தனாக ஒரே விலங்கு மூன்று விதமாக வருவதை அந்தக் காலத்துக் கலைஞர்கள் முரணாக நினைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளையும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம்? காலையில் கோமாளி, மாலையில் தலைவர்.

வாய் பொத்தி நிற்கும் சொல்லின் செல்வன்

இராமாயணம் சிற்பத்துக்கு வந்ததும் குரங்குகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. எல்லோரா கைலாசநாதர் கோயிலில் வானரப் படை கல் சுமந்து அணை கட்டும் காட்சி இருக்கிறது. தஞ்சைக்கு அருகே புள்ளமங்கையிலும், கும்பகோணம் நாகேசுவரர் கோயிலிலும் முற்காலச் சோழர் காலத்து இராமாயணக் காட்சிகள் கோயிலின் அடிப்பகுதியில் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் கையகலம்தான் இருக்கும். குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது.

சிற்பிக்கு இதில் ஒரு தலைவலி இருந்தது. வாலியும் சுக்ரீவனும் ஒரே அச்சு. சண்டையில் யார் எவர் என்று தெரியாமல் இராமனே முதல்முறை அம்பு விடாமல் நின்றான். அடுத்த முறை சுக்ரீவனின் கழுத்தில் கொடிமாலை போட்டு அனுப்பினார்கள். இராமனுக்கே அடையாளம் தெரியாதவர்களைக் கல்லில் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு சிற்பியின் தலையில் விழுந்தது.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அனுமன் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். இராமன், சீதை, இலக்குவன் ஆகியோரோடு வரும் தொகுதிகளில் அவர் உருவம் சிறியது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள வடக்குப்பனையூர் தொகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிற்ப நூல்களில் இதற்கு விதியே உண்டு: அனுமனின் உயரம் இராமனின் மார்பைத் தாண்டக் கூடாது, இடுப்பளவு, முழங்காலளவு என்று இன்னும் சிறிதாகவும் இருக்கலாம். கைகூப்பியோ, ஒரு கையால் வாய் பொத்தியோ நிற்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் பேசும்போது எச்சில் தெறிக்கக் கூடாது என்று வாயை மறைக்கும் பணிவு அது.

வானொலியில் பேசிப் பிழைக்கிற எனக்கு இந்த இடம் தனியாகப் பிடிக்கும். அனுமனுக்குக் கம்பர் தந்த பட்டம் 'சொல்லின் செல்வன்'. கிட்கிந்தையில் முதல்முறை சந்தித்தபோது இராமனைக் கவர்ந்தது அவருடைய பலம் அல்ல, பேச்சு. இலக்கணப் பிழை இல்லாமல், நீட்டாமல், இழுக்காமல், கேட்பவர் மனம் அறிந்து பேசிய பேச்சு. அப்படிப்பட்ட பேச்சாளர்தான் சிற்பத்தில் வாய் பொத்தி நிற்கிறார். ஒலிவாங்கி முன் உட்காரும் எங்களைப் போன்றவர்கள் தினமும் ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து அனுமன் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. உரையாடும் அனுமன் என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். எதிரில் இருப்பவரிடம் ஏதோ சொல்வது போன்ற நிலை. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம் அதற்கு இல்லை. நமக்கு எதிரே வந்து நின்று பேசும் குரங்கு அது.

குரங்கு முகத்து அரசன்

'குரங்கு மூஞ்சி' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை கேலி செய்வதைக் கேட்டிருப்போம். அந்த முகத்தைக் கேட்டு வாங்கிய ஓர் அரசனின் கதை திருவாரூரில் இருக்கிறது.

சிவனும் உமையும் வில்வ மரத்தடியில் அமர்ந்திருந்தபோது, மேலே இருந்த குரங்கு ஒன்று இரவெல்லாம் இலையைப் பறித்துப் பறித்துப் போட்டது. அதைப் பூசையாக ஏற்ற சிவன், நீ மண்ணுலகில் சக்கரவர்த்தியாகப் பிற என்று வரம் தந்தார். பதவி வந்தால் பழசு மறந்துவிடும் என்று பயந்த குரங்கு, இந்த முகம் மட்டும் இப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டது. அவர்தான் முசுகுந்தச் சக்கரவர்த்தி. போரில் இந்திரனுக்கு உதவி செய்து, கைம்மாறாக அவன் பூசித்து வந்த தியாகராசர் திருமேனியைக் கேட்டார். தர மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு திருமேனிகளைச் செய்து கலந்து வைத்தான். உண்மையானதை முசுகுந்தன் சரியாகக் காட்டிவிட்டார். ஏழும் அவருக்கே கிடைத்தன. அவைதான் சப்தவிடங்கத் தலங்களில் உள்ளன என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை.

திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் இந்தக் கதை ஓவியமாக ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரைந்தவர் சிங்காதனம் என்ற ஓவியர். தன் பெயரை அங்கே எழுதியும் வைத்திருக்கிறார். பட்டாடை, நகை, பரிவாரம் எல்லாம் அரசனுக்குரியவை. முகம் மட்டும் குரங்கு. பார்ப்பவர்களுக்கு அது கேலியாகத் தோன்றாது. கூட்டத்தில் எந்த உருவம் முசுகுந்தன் என்று தேட, அந்த முகம்தான் துணை. போலிகளுக்கு நடுவே அசலைக் கண்டுபிடித்தவருக்குக் குரங்கு முகம் இருந்தது என்று சொல்லும் ஒரு கதையைக் கோயில் கூரையிலேயே எழுதி வைத்த சமூகம் நம்முடையது.

ஊர்ப் பெயர்களிலும் குரங்கு இருக்கிறது. தஞ்சைப் பக்கம் குரங்காடுதுறை என்ற பெயரில் இரண்டு தலங்கள். காஞ்சிக்கு அருகே குரங்கணில்முட்டம். குரங்கும் அணிலும் காக்கையும் சிவனை வழிபட்ட ஊர் என்பது பெயரின் பொருள். பல்லவர் காலக் குடைவரையும் அங்கே உண்டு.

கடல் தாண்டிய வால்

அனுமன் கடல் தாண்டியது இலங்கையோடு நிற்கவில்லை. ஜாவாவின் பிரம்பனானில் 9ஆம் நூற்றாண்டு இராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. கம்போடியாவின் பந்தேய் ஸ்ரேயில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு அங்கோர் வாட்டில் வாலி இறக்கும் காட்சி ஒன்று உண்டு. தாரையின் கையில் வாலி சாய்ந்திருக்க, சுற்றிலும் அழும் குரங்குகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. குறுந்தொகை மந்தியின் துயரம் கெமர் சிற்பியின் கையில் ஓர் இனத்தின் துயரமாகிவிட்டது.

நம் நாட்டிலும் அனுமன் தமிழர்களோடு மட்டும் வந்தவர் இல்லை. மலாய் மொழியில் 'ஹிக்காயத் செரி ராமா' என்ற பழைய நூல் உண்டு. அதில் அனுமன் இராமனுக்கு மகன் முறை. கிளந்தான் 'வாயாங் கூலிட்' நிழற்கூத்தில் அவர் வெள்ளைக் குரங்கு, 'ஹனுமான் கெரா பூத்தே'. தோலை வெட்டித் துளையிட்டுச் செய்த பாவை விளக்கொளியில் ஆடும்போது, மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். தோட்டத்துக்கு நம் முன்னோர் வந்து இறங்குவதற்கு முன்பே இங்கே அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது.

மார்பளவிலிருந்து மாடி உயரத்துக்கு

அனுமனைத் தனியாக நிறுத்தி வழிபடும் சிலைகள் காலத்தால் பிந்தியவை. மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் 922ஆம் ஆண்டுக் கல்வெட்டு பொறித்த அனுமன் சிலை ஒன்று உண்டு. ஆண்டு தெரிந்த தனி அனுமன் சிலைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. விஜயநகரக் காலத்தில்தான் தெற்கே அவர் புகழ் பெருகியது. ஹம்பியைச் சுற்றிய மலைகளே கிட்கிந்தை என்று நம்பப்பட்டது. வியாசராயர் என்ற மாத்வத் துறவி 732 இடங்களில் அனுமனை நிறுவினார் என்பது மரபு. வலக்கை ஓங்கி, வால் தலைக்கு மேல் வளைந்து, நுனியில் மணி கட்டிய உருவம் அப்போது பரவியது. வாய் பொத்திய கை ஓங்கிய கையாகிவிட்டது.

நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். பிறகு அச்சுப் படங்கள் வந்தன. மார்பைக் கிழித்து இராமனையும் சீதையையும் காட்டும் அனுமன் வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஆனால் காலண்டர் வழியாக அவர்தான் எல்லா வீட்டுச் சுவரிலும் ஏறினார். உடம்பு மல்யுத்த வீரருடையது போல ஆனது. முகத்தில் குரங்குச் சாயல் குறைந்துகொண்டே வந்தது. 2015இல் கேரளத்தின் காசர்கோட்டைச் சேர்ந்த கரண் ஆச்சார்யா என்ற ஓவியர் கறுப்பும் காவியுமாக, புருவம் நெரித்த ஓர் அனுமன் முகத்தை வரைந்தார். அது கார்க் கண்ணாடி ஒட்டிகளாக இந்தியா முழுவதும் பரவியது. பணிவு, பேச்சு, வீரம், இப்போது கோபம். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய அனுமனைச் செய்துகொள்கிறது.

பத்துமலையில் இராமாயணக் குகைப் பக்கம் நிற்கும் பச்சை நிற அனுமன் சிலை 15 மீட்டர் உயரம். அந்த வளாகத்து அனுமன் கோயிலுக்கு 2001 நவம்பரில் குடமுழுக்கு நடந்தது. இராமனின் மார்பைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதியை வைத்துப் பார்த்தால், இந்த அனுமனுக்கு ஏற்ற இராமனுக்குப் பத்துமலையில் இடம் போதாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புலம்பெயர்ந்து வந்த சமூகம் தன் தெய்வத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உயர்த்தி வைக்க நினைப்பது இயல்பு. வீதியிலிருந்தே தெரிய வேண்டும், ரயிலில் வருபவருக்கும் தெரிய வேண்டும். கிள்ளானில் 1892இல் தோன்றிய சுந்தரராஜ பெருமாள் ஆலயத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆவல் புரியும். ஆனால் உயரம் கூடக் கூட நாம் அண்ணாந்து பார்க்கிறோம். கீழே, காலடியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை.

படியில் உட்கார்ந்திருப்பவை

கீழே உட்கார்ந்திருப்பது நீண்டவால் குரங்கு. பத்துமலைப் பேச்சை எடுத்தால் போதும், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அர்ச்சனைத் தட்டு வாழைப்பழம் போன கதை, மூக்குக்கண்ணாடி போன கதை. சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் வெறுப்பாகப் பேசுகிறவர்களும் கூடிவருகிறார்கள்.

எங்கும் நிறைந்திருப்பது போலத் தெரியும் இந்த இனத்தை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. காடு குறைந்ததும், ஆய்வுக்கூடங்களுக்காகப் பிடித்து விற்பதும் காரணங்களில் அடங்கும். நம் கண்ணில் நிறையப் படுவதாலேயே அது நிறைய இருக்கிறது என்று ஆகிவிடாது. காட்டை இழந்த விலங்கு நம் பக்கம்தான் வரும்.

அவை திருடக் கற்றுக்கொண்டது யாரிடம்? பிளாஸ்டிக் பைக்குள் கடலை இருக்கும், முறுக்கு இருக்கும் என்பதை ஒரு தலைமுறைக் குரங்குகளுக்கு நாம்தான் கற்பித்தோம். பாக்கெட்டைப் பிரித்து நீட்டிப் படம் எடுத்தோம். பின்பு பையைப் பறித்தால் தடி எடுக்கிறோம். நாம் பல்லைக் காட்டிச் சிரித்தாலோ, கண்ணுக்கு நேர் முறைத்தாலோ அது அவற்றுக்கு மிரட்டலாகப் படும். குரங்கு பல் தெரியக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, பெரும்பாலும் பயம். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். தள்ளி உட்கார்ந்து பார்த்தவர் அவர். தீனி நீட்டிய குரங்கு பேன் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். தன்பாட்டில் விடப்பட்ட குரங்குதான் அந்தக் கல்லுக்குள் வந்திருக்கிறது.

அடுத்த முறை பத்துமலைக்குப் பிள்ளைகளோடு போகும்போது தின்பண்டத்தைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். படியின் ஓரமாக, வழியை மறைக்காமல், பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பிறந்து சில வாரமே ஆன குட்டியின் மயிர் கறுப்பாக இருக்கும். பெரிய குரங்கு கிடைத்ததை எல்லாம் கன்னப்பையில் அடைத்து வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக மெல்லும். எங்காவது ஒரு தூணடியில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கும், மடியில் குட்டி இருக்கும், பின்னால் ஒன்று அதன் தலையைக் கிளறிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து மாமல்லபுரம் போக முடியாதவர்களுக்கும் அந்தச் சிற்பம் இங்கே கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பிள்ளையார் வேண்டாம், குரங்கையே வரையட்டும்.